அசையாதே அக்கா வாங்கிய கேமரா

கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு வேதாந்தம் பேசுவார்கள். கேமரா முக்கியமில்லையாம், பார்க்கிற கண்தான் முக்கியமாம். கழுத்தில் ஒன்று, தோள்பையில் ஒன்று, வீட்டு அலமாரியில் இரண்டு என்று வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்வார்கள். வயிறு நிரம்பினவன் பசித்தவனுக்கு உபதேசம் செய்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்து படம் எடுக்கிற கூட்டம் ஒன்றில் அசையாதே அக்கா நான்கு வருஷமாக இருந்தாள். அந்தக் கூட்டத்தில் கைபேசியோடு வருகிற ஒரே ஆள் அவள்தான். "உங்களுக்கு இதுவே போதும்கா, உங்க கண்ணு அப்படி" என்று வாராவாரம் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஒருநாள் அவள் நின்று திரும்பிக் கேட்டாள். "அப்ப உங்க கேமராவ எனக்குக் குடுத்துட்டு என் ஃபோன நீங்க வச்சுக்கோங்களேன். உங்களுக்கும் கண்ணு இருக்குல்ல?" அதற்கப்புறம் அந்த வேதாந்தம் கொஞ்ச நாள் ஓய்ந்திருந்தது.

அசையாதே அக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். இருபத்துமூன்று வருஷமாக அங்கே எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க." இதைச் சொல்லிவிட்டு ஈயத்தகடு பதித்த சுவருக்குப் பின்னால் போய் நிற்பாள். சின்னக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை, ஒரு பொத்தான். அப்புறம் வெளியே வந்து "ம், மூச்சு விடலாம்" என்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை. நாற்பத்தெட்டு வயதில் தூக்கத்தில்கூட அவள் அதைச் சொல்வதாகக் கணவர் புகார் செய்வதுண்டு.

கைபேசியின் மேல் அவளுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இந்தத் தொழில்தான். எக்ஸ்ரேயில் கறுப்பு என்றால் காற்று, வெள்ளை என்றால் எலும்பு. இரண்டையும் குழப்பினால் ஆளைத் தூக்கிக் குழியில் போடவேண்டியதுதான். கைபேசிக்கு இந்த நேர்மை கிடையாது. அதற்கு இருட்டே பிடிக்காது. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி நடைபாதையில் காலை ஆறரை மணிக்கு ஒரே ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் நீளக் குச்சித் துடைப்பானை வீசி வீசித் தரை துடைத்துக்கொண்டு வருவார். பாதி உடம்பு கறுப்பு, பாதி பளபளப்பு. அவள் எத்தனையோ தடவை அதை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கைபேசி அந்த இருட்டைத் தானாகவே வெளுத்து, அம்மாளின் முகத்தில் இருந்த சுருக்கங்களை எல்லாம் இஸ்திரி போட்டு, கல்யாணப் பெண் மாதிரி ஆக்கித் தந்தது. "நான் பாத்தது இது இல்ல" என்று அவள் ஆத்திரத்தோடு அழித்துவிடுவாள். தான் கண்ணால் பார்த்தது தனக்கு வேண்டும். இது ஒன்றும் கோட்டையைப் பிடிக்கிற ஆசை இல்லையே.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கேமராக் கடைக்குப் போனாள். பணம் அவளுடையது. அதில் யாருக்கும் பேச்சில்லை, பின்னால் வந்த சண்டையும் பணத்தைப் பற்றியதல்ல.

கடைக்காரர் கணவரைப் பார்த்து, "வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்றார்.

"எனக்குத்தான்" என்றாள் அவள்.

"அப்படியா மேடம்! லேடீஸுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. கைக்கு அடக்கமா, லைட்டா இருக்கும்" என்று உள்ளங்கை அகலத்தில் ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். சோப்புப் பெட்டி என்று நினைத்துக் கணவர் தொட்டுப் பார்த்தார்.

"தொண்ணூறு கிலோ பேஷண்ட ஒத்த ஆளா புரட்டிப் போடறவ நான். கனத்தப் பத்திக் கவலைப்படாதீங்க. மேல் தட்டுல கறுப்பா இருக்கே, அத எடுங்க."

"அது கொஞ்சம் சீரியஸா எடுக்கறவங்களுக்கு, மேடம். வெளிச்சம், வேகம் எல்லாம் நம்மளே வைக்கணும்."

"வைக்கத்தான் வந்திருக்கேன். விளக்குலேர்ந்து தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணாயிடும். சரிதானே?"

கடைக்காரர் ஏணியை எடுத்தார். அதற்கப்புறம் அவர் கணவரின் பக்கம் திரும்பியதே ஒரே ஒரு தடவைதான். அது பில் எழுதும்போது. "சார் பேரு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார், கணவரும் பழக்கதோஷத்தில் சொன்னார். ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் பெயரை மூன்று முறை சரிபார்க்காமல் பொத்தானைத் தொடாதவள் அவள். தன் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த நிமிஷம் அவள் கண்ணெல்லாம் கேமராவின் மேல் இருந்தது.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாரண்டி அட்டையில் உடனே முத்திரை குத்தமாட்டார்கள். "ஏழு நாள் வச்சுப் பாருங்க மேடம். பிடிச்சா வந்து முத்திரை போட்டுக்கோங்க. முத்திரை விழுற வரைக்கும் திருப்பி எடுத்துப்போம், விழுந்துட்டா எடுக்கமாட்டோம்" என்றார் கடைக்காரர். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அட்டையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் முதல் கேள்வி கீழ்த்தளத்திலிருந்து வந்தது. கீழே கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குடியிருந்தார்கள். நாத்தனார் மாடிப்படி ஏறி வந்தால் ஏதோ ஒரு தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்கு இது?"

இந்த "எதுக்கு" இருக்கிறதே, அது பொல்லாத கேள்வி. தம்பி வருஷத்துக்கு ஒரு கைபேசி மாற்றினால் அது வராது. தன் வீட்டுக்காரர் மூன்றாவது கடிகாரம் வாங்கினபோதும் வரவில்லை. அவளுக்கு மட்டும் வந்தது. அவளும் ஏமாந்துபோய்ப் பதில் சொன்னாள். "மகளுக்குக் குழந்தை பிறந்தா எடுக்கலாம்ல அண்ணி" என்றாள். மகள் வெளியூரில் வேலையிலிருந்தாள், இப்போதைக்குக் குழந்தை என்ற பேச்சே இல்லை. அடுத்த நாள் "வீட்டு விசேஷத்துக்கு ஆகும்" என்றாள். அதற்கடுத்த நாள் "ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்குக் கேட்டாங்க" என்று ஒரு முழுப் பொய்யே சொன்னாள். குற்றம் செய்தவளைப் போல தினம் ஒரு சாக்கு. அப்படிச் சொல்லச் சொல்ல அவளுக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

போதாக்குறைக்கு முதல் படங்கள் எல்லாம் சொதப்பல். யாரைக் கேமரா முன்னால் நிறுத்தினாலும் அவள் வாயிலிருந்து தானாக வந்தது: "மூச்ச நல்லா இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க." நாத்தனார் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் உப்பி, ஊசி போட்டுக்கொள்ளத் தயாரானவர் போலப் படத்தில் விழுந்திருந்தார். கணவர் நீந்தப் போகிறவர் மாதிரி இருந்தார். மறுபடி எடுத்தாள், மறுபடி அதே கதை.

செவ்வாய்க்கிழமை மாலை குடும்பப் படம் எடுப்பதென்று முடிவாயிற்று. நான்கு நாற்காலி போட்டார்கள். நாத்தனார், அவர் வீட்டுக்காரர், கணவர். கணவருக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒன்று. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, பத்து நொடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தாள். "மூச்ச இழுங்க, அசையாதீங்க" என்று பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு, நாற்காலிக்குப் போகாமல், விறுவிறுவென்று அறையை விட்டு வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கால் அவளைக் கேட்காமலே போயிற்று. இருபத்துமூன்று வருஷமாகப் பொத்தானும் சுவரும் அவளுக்கு ஒரே வேலை. உள்ளே 'க்ளிக்' என்று கேட்டபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது.

படத்தில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு காலி நாற்காலி.

"பரவாயில்லையே, நீ இல்லாமலே குடும்பப் படம் ஜோரா வந்திருக்கே!" என்றார் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அது உண்மை என்று அவளுக்குத் தோன்றியதுதான் வலித்தது. இத்தனை வருஷத்தில் அவள் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், ஆஸ்பத்திரி அடையாள அட்டையைத் தவிர, எங்கேயும் கிடையாது. எடுக்கிறவளை யார் எடுப்பார்கள்?

மறுநாள் காலை ஆறேகாலுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இரண்டாவது மாடி. ஆறரைக்கு ஜன்னல் வெளிச்சம் வந்தது. துப்புரவு அம்மாள் வாளியும் கையுமாக வந்தார். கேமராவைப் பார்த்ததும் நின்றார்.

"மூச்ச இழுத்து..." என்று ஆரம்பித்தாள்.

"அட போம்மா. மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னா தரைய யாரு துடைக்கிறது? உங்கப்பனா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். துடைப்பான் இடமும் வலமுமாக வீசியது. அவள் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து, வெளிச்சத்தைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தாள். பதினாறாவது படம் அதுதான். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஈரத்தரை கத்தி முனை மாதிரி மின்னியது. அம்மாளின் நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை. நான்கு வருஷமாக அவள் கண்ணில் மட்டும் இருந்தது முதன்முதலாக வெளியே வந்துவிட்டது.

அம்மாளிடம் காட்டினாள். அம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நானா இது? கோவக்காரி மாதிரி இருக்கேனே."

"கோவமாத்தானே இருந்தீங்க?"

"பின்ன? மூணாவது மாடியில நேத்துலேர்ந்து தண்ணி வரல. வாளி வாளியா தூக்கிட்டுப் போறேன்." மறுபடியும் படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அழிச்சுடாத."

அந்த நிமிஷத்திலிருந்து கேமராவைத் திருப்பிக் கொடுப்பது என்பது அவளைப் பொறுத்தவரை முடிந்துபோன பேச்சு. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் ரொம்ப உற்சாகமாக வந்தார். அவர் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கணக்கர். நல்ல மனிதர், அக்கா சொன்னால் மட்டும் தலை தானாக ஆடும்.

"எங்க மேனேஜர் ரிட்டயர் ஆகறாரு. ஞாயித்துக்கிழமை விழா. ஃபோட்டோவுக்கு நீ வர்றேன்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? இவ்ளோ பெரிய கேமரா சும்மா கிடக்குது, ஒரு உபயோகமாவது ஆகட்டுமே."

"அது சும்மா கிடக்கல. நான் அதுல படம் எடுத்துட்டிருக்கேன்."

"என்ன படம்? தரை துடைக்கிற படம்!"

"ஆமா. ஞாயித்துக்கிழமை நான் ரயில்வே மேம்பாலத்துக்குப் போறேன். காலையில பனிமூட்டத்துல நல்லா இருக்கும்."

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே. என் மானம் என்ன ஆகறது?"

"நீங்க சொன்னீங்க, நீங்களே போய் எடுங்க."

சத்தம் கேட்டு நாத்தனார் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். "நான் அன்னிக்கே நினைச்சேன். நாய்க்குக் கிடைச்ச முழுத் தேங்காய் கதைதான். தானும் திங்காது, அடுத்தவங்களுக்கும் ஆகாது."

இருபத்தைந்து வருஷமாக நாத்தனார் பேச்சுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நாயாவே இருந்துட்டுப் போறேன் அண்ணி. தேங்காய் என்னுது."

நாத்தனார் தம்பியைப் பார்த்து, "கடையில ஏழு நாள்னு சொன்னாங்கல்ல? நாளையோட முடியுதாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கைபேசி அடித்தது. கேமராக் கடைக்காரர்.

"மேடம், சார் கேமராவ எடுத்துட்டு வந்திருக்காரு, திருப்பணும்னு. பில் அவர் பேர்ல இருக்கு, நான் வாங்கிக்கணும்தான். ஆனா இந்த வாரம் நாலு தடவ ஃபோன் பண்ணி சந்தேகம் கேட்டது நீங்க. மனசு கேக்கல, அதான் ஒரு வார்த்தை சொல்லலாம்னு."

பெஞ்சில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். கூட வேலை செய்பவரிடம், "அரை மணி நேரம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டினாள். கடை இரண்டு தெரு தள்ளித்தான். வெயிலில் சீருடையோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள். போகும்போது கணவரைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

கடையில் கேமரா மேஜைமேல் இருந்தது, பெட்டியில் ஒழுங்காக அடைத்து, கழுத்துக் கயிறுகூடச் சுருட்டி வைத்து. பக்கத்தில் கணவர் ஒரு படிவத்தை நிரப்பி முடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அவள் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 'திருப்பித் தருவதற்கான காரணம்' என்ற இடத்தில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. 'தேவையில்லை.'

அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"யாருக்கு?" என்றாள்.

"என்ன?"

"யாருக்குத் தேவையில்லை?"

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் ஒரு லென்ஸை எடுத்து, அழுக்கே இல்லாத இடத்தில் துடைக்க ஆரம்பித்தார்.

"வீட்டுல நிம்மதி வேணும்னுதான்..." என்றார் கணவர், மெதுவாக. "அக்காவும் நீயும் இப்படி முட்டிக்கிறது எனக்குப் பிடிக்கல. இது இல்லேன்னா எல்லாம் பழையபடி ஆயிடும்."

"பழையபடின்னா எப்படி? நான் கதவுக்குப் பின்னால நிக்கிறதா?" அவள் குரல் உயரவில்லை. "இத்தனை வருஷமா நான் உபயோகமா இருந்தாச்சு. ஆஸ்பத்திரிக்கு, உங்களுக்கு, அண்ணிக்கு, புள்ளைக்கு. யாரும் கேக்கறதுக்கு முன்னாலயே உபயோகமா இருந்தாச்சு. உபயோகமே இல்லாத ஒண்ணு எனக்கே எனக்குன்னு வேணும். நீங்க தேவையில்லைன்னு எழுதுறதுக்கு அது உங்க பொருள் இல்ல."

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இந்த பில்ல அடிச்சுட்டு வேற எழுதுங்க. என் பேர்ல." கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த வாரண்டி அட்டையை எடுத்து மேஜைமேல் நீவி வைத்தாள். "இதுல முத்திரை குத்துங்க."

"குத்திட்டா அப்புறம் திருப்ப முடியாது மேடம்."

"தெரியும். அதுக்குத்தான் குத்தச் சொல்றேன்."

கடைக்காரர் முத்திரையை எடுத்து அழுத்தினார். மை காய்ந்து போயிருந்தது, பாதி வட்டம்தான் விழுந்தது.

"சரியா விழல. இன்னொண்ணு எடுங்க" என்றாள், எக்ஸ்ரே மேஜையில் சொல்வதைப் போலவே.

அவர் மையில் நன்றாகத் தோய்த்து மறுபடி குத்தினார். இந்தமுறை முழு வட்டம், தேதியோடு. அவள் பெட்டியைத் திறந்து கேமராவை வெளியே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பெட்டியைக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"அக்கா கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். உண்மையாகவே கேட்டார், பாவம்.

அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். பார்த்த முகத்திலேயே யார் என்று தெரிந்தது. அவள் கையை நீட்டினாள். அவர் கொஞ்சம் தயங்கிக் கொடுத்துவிட்டார்.

"குடுத்துட்டியாடா?" என்றது குரல்.

"நான்தான் அண்ணி. குடுக்கல. முத்திரை போட்டாச்சு, இனிமே அவங்க வாங்கவும் மாட்டாங்க."

நாத்தனார் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே விளங்காதவரைப் போல.

"எதுக்குடி உனக்கு அது?"

பிறக்காத பேத்தி, வராத விசேஷம், யாரும் கேட்காத ஆண்டு மலர், எல்லாச் சாக்கும் அவள் நாக்கு நுனி வரை வந்து நின்றன. ஒன்றையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"படம் எடுக்க, அண்ணி."

"எடுத்து?"

"பாக்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணி. வச்சிடறேன், பெஞ்சுல ஆள் காத்திருக்காங்க."